இளம் வீரரைக் கொடுத்து ஸ்டாரை வாங்கலாமா? கிளிப்பர்ஸ் டிரேடு சொல்லும் கணக்கு

2025 ஜூன் 22. என்பிஏ இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் இண்டியானா பேசர்ஸை வீழ்த்தி, ஓக்லஹோமா சிட்டி தண்டர் கோப்பையைத் தூக்கியது. தண்டரின் ஹீரோ ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர். பேசர்ஸை இறுதிச் சுற்று வரை கொண்டுவந்தவர் டைரீஸ் ஹாலிபர்ட்டன்.

இந்த இருவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. முதலில் ஆடிய அணியே இருவரையும் டிரேடு செய்து அனுப்பிவிட்டது. அப்போது ஷேவுக்கு வயது 20, ஹாலிபர்ட்டனுக்கு 21.

அப்படின்னா, வளரும் பையனை எப்பவுமே கொடுக்கக் கூடாதா? விஷயம் அவ்வளவு சிம்பிள் இல்லை.

கிளிப்பர்ஸ் கொடுத்த விலை என்ன?

2019 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணி கவாய் லெனர்டை இழுக்க முயன்றது. அவருக்குத் துணையாக இன்னொரு ஸ்டார் தேவைப்பட்டார். ஓக்லஹோமாவில் இருந்த பால் ஜார்ஜுக்காக ஷே, டேனிலோ கலினாரி, 5 முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள் என அள்ளிக் கொடுத்தது. போதாக்குறைக்கு, 2 ஆண்டுகளில் டிராஃப்ட் இடத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையும் போனது. புதுமுகங்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட்.

அன்றைக்கு இது முட்டாள்தனமாகத் தெரியவில்லை. முதல் சீசனில் ஷேவின் சராசரி 10.8 புள்ளிகள்தான். ஜார்ஜோ 28 புள்ளிகள் எடுத்து, எம்விபி வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்திருந்தார். ஒரே டிரேடில் இரண்டு ஸ்டார்கள் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

பலன்? 2021-ல் கிளிப்பர்ஸ் முதல்முறையாக மேற்குப் பிரிவு இறுதிக்குப் போனது. அதோடு சரி. அதே பிளேஆஃபில் லெனர்டுக்கு முழங்காலில் காயம். அடுத்த சீசன் முழுக்க ஆடவில்லை. 2024-ல் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டு ஜார்ஜ் ஃபிலடெல்பியாவுக்குப் போய்விட்டார். பதிலுக்கு கிளிப்பர்ஸுக்கு ஒரு வீரர்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம், கிளிப்பர்ஸ் கொடுத்த 2022 டிராஃப்ட் வாய்ப்பில் தண்டர் எடுத்த ஜேலன் வில்லியம்ஸ், ஷேவுடன் சேர்ந்து கோப்பை வென்றார்.

அப்போ லேக்கர்ஸ்?

அதே 2019 கோடையில், அதே ஊரில் லேக்கர்ஸும் இதைத்தான் செய்தது. பிராண்டன் இங்ரம், லான்சோ பால், ஜாஷ் ஹார்ட் ஆகிய இளைஞர்களையும் டிராஃப்ட் வாய்ப்புகளையும் கொடுத்து அந்தோணி டேவிஸை வாங்கியது. அடுத்த சீசனிலேயே இங்ரம் ஆல்-ஸ்டார் ஆனார். ஆனால் 2020 சாம்பியன் லேக்கர்ஸ். கோப்பை கையில் இருக்கும்போது இங்ரமைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

வித்தியாசம் எங்கே? டேவிஸுக்கு அப்போது 26 வயது. ஜார்ஜுக்கு 29; அந்த ஆண்டுதான் இரண்டு தோள்களிலும் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அவரோடு ஜோடி சேர வந்த லெனர்ட், 2017-18 சீசனில் வெறும் 9 ஆட்டங்கள் ஆடியவர். லேக்கர்ஸிடம் 34 வயது லெப்ரான் ஜேம்ஸ் இருந்தார். இளைஞர்கள் பழுக்கும்வரை அவரால் காத்திருக்க முடியாது. அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது.

கேட்க வேண்டிய கேள்வி

'இந்தப் பையன் எவ்வளவு பெரிய ஆளா வருவான்?' என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஷே எம்விபி ஆவார் என்று 2019-ல் அடித்துச் சொல்ல யாராலும் முடிந்திருக்காது. டிராஃப்டில் வரும் பெரும்பாலான இளைஞர்கள் அந்த உயரத்தைத் தொடுவதும் இல்லை.

பதில் கிடைக்கக்கூடிய கேள்வி வேறு: கொடுப்பது எத்தனை வருஷம், வாங்குவது எத்தனை வருஷம்?

முதல் சுற்றில் வரும் வீரருக்கு நான்கு ஆண்டுகள் வரை நிர்ணயித்த, குறைந்த சம்பளம். அதன் பிறகு வேறு அணி வலைவீசினாலும், அதே தொகையைக் கொடுத்துத் தக்கவைக்கும் உரிமை பெரும்பாலும் சொந்த அணிக்கே உண்டு. அதாவது கிட்டத்தட்ட எட்டு வருஷம் அவர் கையில் இருப்பார். 29 வயது ஸ்டாரின் உச்சம் மூன்று, நான்கு வருஷம். ஒப்பந்தம் முடிந்தால் சும்மாவே கிளம்பிவிடலாம்.

ஹாலிபர்ட்டனைக் கொடுத்த சாக்ரமென்டோ கிங்ஸ் இந்தக் கணக்கில் பாதி பாஸ். வாங்கிய டொமன்டாஸ் சபோனிஸுக்கு 25 வயதுதான். 16 சீசன் வறட்சிக்குப் பிறகு 2023-ல் அணி பிளேஆஃபைப் பார்த்தது. ஆனால் முதல் சுற்றிலேயே தோல்வி. அடுத்த இரண்டு ஆண்டுகளும் பிளேஆஃப் இல்லை.

கோப்பைக்கு ஒரே ஒரு படி பாக்கி, வாங்கும் வீரருக்கு வயதும் உடம்பும் இருக்கிறது என்றால், இளைஞரைத் தாராளமாகக் கொடுக்கலாம். இல்லையென்றால் அது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குகிற வேலை. அன்றைக்கு வயிறு நிறையும். அடுத்த போகத்துக்கு விதைக்க ஒன்றும் இருக்காது.