மாஸ்டர்னு எப்போ கூப்பிட ஆரம்பிச்சீங்க?

கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பந்து நேரே போகாமல் மரத்துப் பக்கம் போனால் மட்டையை மாற்றுவார்கள். அப்பவும் மரத்துக்கே போனால் வாத்தியாரை மாற்றுவார்கள். மரத்தை மாற்ற முடியாதே! டைகர் உட்ஸே ஹார்மன், ஹேனி, ஃபோலே, கோமோ என்று வரிசையாக மாற்றிப் பார்த்துவிட்டு, 2019-இல் மாஸ்டர்ஸ் பட்டம் ஜெயித்தபோது முழுநேர வாத்தியார் யாரும் இல்லாமல்தான் ஜெயித்தார்.

நிக் ஃபால்டோ வேறு ஜாதி. ஏற்கெனவே பேர் வாங்கின ஆட்டக்காரர். 1985 வாக்கில் டேவிட் லெட்பெட்டர் என்பவரிடம் போய், மட்டையை வீசுகிற விதத்தையே பிரித்துப் போட்டு மறுபடி கட்டிக் கொடுக்கச் சொன்னார். ரெண்டு வருஷம் ஆயிற்று. தேறுவதற்கு முன்னால் ஆட்டம் மோசமானது. அப்புறம் 1987-இல் ம்யூர்ஃபீல்டில் பிரிட்டிஷ் ஓப்பன். கடைசி நாள் பதினெட்டுக் குழியிலும், குழிக்கு இத்தனை அடி என்று கணக்கு வைத்திருப்பார்களே, அதில் ஒன்று கூடாமல் ஒன்று குறையாமல் ஆடிக் கோப்பையை வாங்கினார்.

எனக்குக் கோப்பை பெரிசாகத் தெரியவில்லை. அந்த ரெண்டு வருஷம்தான் உறுத்துகிறது. நாளுக்கு நாள் ஆட்டம் கெட்டுக்கொண்டிருக்கும்போது, 'இந்த ஆள் சொல்றது சரிதான்' என்று ஒரு மனுஷர் எதை வைத்து நம்பினார்?

நமக்கும் கோல்ஃபுக்கும் உள்ள உறவு, நந்தனம் தாண்டும்போது தென்படுகிற காம்பவுண்டுச் சுவரோடு சரி. ஆகவே பஸ்ஸை மாற்றி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தில் இறங்கிவிடுவோம். செங்கல்பட்டு மாவட்டம். (2019-க்கு முன்னால் காஞ்சிபுரம் மாவட்டம், அதற்கும் முன்னால் மறுபடி செங்கல்பட்டு. வீடு மாறாமலே விலாசம் மாற்றுகிற ஜனங்கள்.) இங்கேயும் மாமல்லபுரத்திலும் சனி, ஞாயிறு காலை ஆறு மணிக்கு சிறுசேரி, சோழிங்கநல்லூர், மறைமலைநகர் ஆபீஸ்வாசிகள் ஆளுயரத்துக்கு மேல் ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஸர்ஃபிங். தமிழில் அலைச்சறுக்கு. கோல்ஃபில் வாத்தியார் சரியில்லையென்றால் பந்து தண்ணீரில் விழும். இங்கே நாம் விழுவோம். வித்தியாசம் அவ்வளவுதான்!

சரி, இந்த வாத்தியாரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? சிறுசேரியில் வேலை பார்க்கிற என் சிநேகிதனைக் கேட்டேன். 'அஞ்சு ஸ்டார் ரேட்டிங் பாத்தேன்டா' என்றான். நானும் செல்ஃபோனில் பார்த்தேன். முதல் ஆள், போட்டோ நன்றாக எடுத்துத் தந்தார்கள் என்பதற்காக அஞ்சு ஸ்டார். ரெண்டாவது ஆள், இட்லி சூடாக இருந்ததற்காக அஞ்சு. மூன்றாவது ஆள், பார்க்கிங் வசதி இல்லை என்று ஒன்று குறைத்து நாலு. மூழ்கினால் தூக்குவாரா என்கிற விஷயத்தை யாரும் தொடவில்லை.

அதனால் கோவளத்தின் முதல் வாத்தியாரை யார் கண்டுபிடித்தார்கள் என்று பார்ப்பது நல்லது. அவர் பேர் மூர்த்தி மேகவன். உள்ளூர் மீனவர். அலைச்சறுக்கு என்றொரு விளையாட்டு இருப்பதே தெரியாத வயசில், கிடைத்த மரப்பலகையைப் போட்டு அலைமேல் சறுக்கியவர். ஜாக் ஹெப்னர் என்று ஓர் அமெரிக்கர். சந்நியாசி. ஆனால் அலையை விடாத சந்நியாசி. 'ஸர்ஃபிங் சாமி' என்றே பேர். பிற்பாடு 2004-இல் கர்நாடகத்தில் முல்கியில் மந்த்ரா என்று கிளப் ஆரம்பித்தவர். அவர் கோவளம் பக்கம் வந்தபோதுதான் நிஜப் பலகையைக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கி ஏறிப் பார்த்தார் மூர்த்தி. அப்புறம் ஊர்ப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். தொழிலதிபர் அருண் வாசு கை கொடுக்க, 2012-இல் அது பள்ளிக்கூடமாயிற்று. மறு வருஷம் அலைச்சறுக்குத் திருவிழாவே நடத்திவிட்டார்கள்.

கவனியுங்கள். வாத்தியாருக்கு வாத்தியார் கிடையாது. ஸர்டிபிகேட் கிடையாது. ஸ்டாரும் கிடையாது. இருந்தது ஒன்றுதான்: அந்தக் கடல் எந்த மாசத்தில் எந்தப் பக்கம் இழுக்கும் என்கிற பரம்பரைக் கணக்கு. கோல்ஃபிலும் இந்தக் கதை உண்டு. டெல்லி கோல்ஃப் கிளப்பில் பெரிய மனிதர்களுக்குப் பை தூக்கின அலி ஷேர், 1991-இல் இந்தியன் ஓப்பனை ஜெயித்தார். தொழில்முறை இந்தியர் ஒருவர் அதை ஜெயித்தது அதுவே முதல் தடவை. பை தூக்குகிறவனுக்குப் புல்லின் சரிவு தெரியும், பைக்குச் சொந்தக்காரருக்குப் பையின் விலைதான் தெரியும்.

ஊர் ஜனங்கள் உடனே நம்பினார்கள் என்று நினைக்காதீர்கள். வலை இல்லாமல் கடலில் இறங்குகிறவனைக் குப்பத்தில் என்னவென்று சொல்வார்கள்? அதுவும் 2004 டிசம்பர் 26-க்கு அப்புறம், கடலை விளையாட்டுச் சாமானாகப் பார்க்க எந்தத் தாயாருக்கு மனசு வரும்? மூர்த்தி போட்ட சட்டம்தான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். குடிக்கக்கூடாது, சிகரெட் கூடாது, பள்ளிக்கூடம் போக வேண்டும். அப்போதுதான் பலகை. பையன் அலையில் நின்றானா என்பது அம்மாவுக்கு முக்கியமில்லை. சாயந்திரம் எப்படி வீட்டுக்கு வருகிறான் என்பதைப் பார்த்திருப்பாள். மாமல்லபுரத்தில் இப்போது பெண் பிள்ளைகளும் இறங்குகிறார்கள். கமலி மூர்த்தியைப் பற்றி எடுத்த குறும்படம் 2020-இல் பாஃப்டா பரிசுக்கான பட்டியல் வரைக்கும் போனது.

ஒரு சனிக்கிழமை வகுப்பைக் கரையில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். (டீ மட்டும் என் செலவு.) மாணவர் முப்பத்தைந்து வயசு மேனேஜர். வாத்தியாருக்கு இருபத்திரண்டு இருக்கலாம்.

"தம்பி, இது ஸேஃப்தானே?"

"ஒண்ணும் ஆவாது சார். நீச்சல் தெரியுமா?"

"தெரியும். அபார்ட்மெண்ட் ஸ்விம்மிங் பூல்ல..."

பையன் முகத்தில் சிரிப்பு வந்தது, ஆனால் வெளியே விடவில்லை. மணலில் விரலால் பலகை மாதிரி கோடு போட்டான். "படு சார்" என்றான். மேனேஜர் படுத்தார். கையை ஊன்றி ஒரே துள்ளலில் எழுந்து நிற்க வேண்டும். பத்துத் தடவை. அப்புறம் சும்மா நின்றவரைப் பின்னாலிருந்து லேசாகத் தள்ளினான். மேனேஜர் கோபமாகத் திரும்ப, "வலது கால் முன்னால வெச்சீங்க சார். உங்களுக்கு அதான் முன்னங்கால்" என்றான். நிற்கும்போது இடது கால் முன்னால் வருகிறவர்கள் ரெகுலர், வலது கால் வருகிறவர்கள் கூஃபி. ஃபாரம் நிரப்பச் சொல்லிக் கேட்டிருந்தால் மேனேஜர் தப்பாகத்தான் எழுதியிருப்பார்.

தண்ணீரில் இறங்கினார்கள். கணுக்காலில் கயிறு, எட்டு அடிக்கு மேல் நீளமான மெத்துப் பலகை, மார்பளவு தண்ணீர். பையன் கடலைப் பார்த்து நிற்கிறான், மேனேஜர் கரையைப் பார்த்துப் படுத்திருக்கிறார். இதுதான் ஸார் முழு விஷயமும்! வருகிற அலை வாத்தியாருக்குத் தெரியும், மாணவருக்குத் தெரியாது. நாலு அலையைப் பையன் விட்டுவிட்டான். ஐந்தாவதற்குத் தள்ளினான். மேனேஜர் எழுந்தார், காலைப் பார்த்தார், விழுந்தார். "கால பாக்காத சார், கரைய பாரு சார்!" மறுபடி விழுந்தார். மூக்கில் தண்ணீர். அப்போதும் அதே ஒரு வாக்கியம். முழங்காலை மடக்கு, கையை விரி, இடுப்பைத் திருப்பு என்று பட்டியல் வாசிக்கவில்லை. ஏழாவது தடவை மூணு செகண்ட் நின்றார். நின்றவர் கத்தியது: "மாஸ்டர்! பாத்தீங்களா!"

தம்பி எப்போது மாஸ்டர் ஆனான் என்று என் வாட்ச்சைப் பார்த்தேன். ஆறு ஐம்பது.

காலை வகுப்புக்குக் காரணம் உண்டு. விடிகாலையில் கரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும், அலை மடிப்புக் கலையாத வேஷ்டி மாதிரி வரும். வெயில் ஏறினதும் கடல் காற்று திரும்பி அடிக்கும், அலை கசங்கிவிடும். சாயங்காலம் நாலு மணிக்கு 'ஸ்பெஷல் கிளாஸ்' என்று கூப்பிட்டால், எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கதி, நீங்கள் பலகையே தொடாவிட்டாலும் தெரிந்துகொள்ள வேண்டியது. கரையில் நின்று பார்த்தால் ரெண்டு பக்கமும் அலை உடையும், நடுவில் ஓர் இடம் மட்டும் அமைதியாகத் தெரியும். மாமல்லபுரத்துக்கு டூர் வருகிற காலேஜ் பையன்கள் 'இங்கதான் மச்சான் அலை இல்ல' என்று சரியாக அதில் போய் இறங்குவார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் கடலுக்குத் திரும்புகிற வாய்க்கால் அது. உள்ளே இழுக்கும். மிரண்டு போய்க் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடுவார்கள், களைத்துப்போவார்கள். மறுநாள் பேப்பரில் ஒற்றைப் பத்திச் செய்தி. வருஷா வருஷம் வருகிறது. மிதந்தபடி பக்கவாட்டில், கரைக்கு இணையாக நீந்தினால் இழுப்பிலிருந்து வெளியே வந்துவிடலாம். அலைச்சறுக்குக்காரர்கள் அதே வாய்க்காலை லிஃப்ட் மாதிரி உபயோகித்து அலைக்கு அப்பால் போகிறார்கள். அதனால் என் சிநேகிதனுக்கு நான் சொன்ன பரீட்சை இதுதான்: பணம் கட்டுவதற்கு முன்னால் வாத்தியாரைக் கரையில் நிறுத்தி, 'இன்னிக்கு இழுப்பு எங்கே இருக்கு?' என்று கேள். கையை நீட்டிக் காட்டினால் சரி. 'அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் ப்ரோ' என்றால் இட்லி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வா.

ஸர்டிபிகேட்டும் கேட்கலாம், தப்பில்லை. இப்போது சர்வதேச அலைச்சறுக்குச் சங்கம் பயிற்சியாளர்களுக்குத் தேர்வு வைத்துத் தருகிறது. உயிர் காக்கும் பயிற்சி தனி. இந்திய அலைச்சறுக்குக் கூட்டமைப்பு 2011-லிருந்து இருக்கிறது. கோவளம், மாமல்லபுரம் பையன்கள் பலர் இந்தக் காகிதங்களையும் வாங்கிவிட்டார்கள். ஆனால் காகிதத்தில் இல்லாத ஒரு தகுதியை அடுத்த வாரம் பார்த்தேன்.

ராத்திரி காற்று மாறி, கடல் பழுப்பாகக் குமுறிக்கொண்டிருந்தது. காரில் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். ஆளுக்கு முழுப் பணம் கையில். அதே பையன், "இன்னிக்கு வேணாம் சார்" என்றான். கெஞ்சினார்கள், அதட்டினார்கள், டபுளாகத் தருவதாகச் சொன்னார்கள். "மணல்ல வேணா சொல்லித் தரேன், காசு வேணாம். தண்ணில இன்னிக்கு எறங்க முடியாது சார்." நாலு பேர் திட்டிவிட்டுப் போனார்கள். ஒருத்தர் மட்டும் ஃபோன் நம்பர் வாங்கிக்கொண்டு போனார்.

பி.காமில் எனக்கு உருப்படியாகப் புரிந்த பாடம் நற்பெயர். குட்வில். தொட முடியாத சொத்து. அதில் ஒரு வேடிக்கை: காசு கொடுத்து வாங்கின நற்பெயரைத்தான் பேரேட்டில் எழுதலாம், தானாகச் சம்பாதித்ததைச் சொத்தாகக் காட்டக்கூடாது. அந்தப் பையன் அன்றைக்கு ஐந்து பேர் ஃபீஸை விட்டான். எந்த ஆடிட்டர் வந்தாலும் அது நஷ்டக் கணக்குதான்.

2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. கர்நாடகத்தின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் தனிநபர் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம். அதற்கப்புறம் கூட்டம் ஏறும், புதுப் புது போர்டுகள் முளைக்கும், ஸ்டார்களும் கொட்டும்.

நம் மேனேஜர் தொடர்ந்து போகிறார். நாலாவது வாரம் பையன் பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டானாம். "இனிமே நான் தள்ள மாட்டேன் சார். நீங்களே அலையப் பாத்து எடுங்க." பதவி உயர்வு ஆர்டர் வந்தபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை என்றார் என்னிடம். அன்றைக்கு முழுக்க ஓர் அலைகூடப் பிடிக்கவில்லை. முதல் நாளைவிட மோசம். "மாஸ்டர் கரெக்டாதான் சொல்லியிருப்பார் ஸார்" என்கிறார். இதற்காக சனிக்கிழமை ரிவ்யூ மீட்டிங்கை வெள்ளி ராத்திரிக்கு மாற்றிவிட்டார். ஆபீஸில் அவருக்குக் கீழே வேலை செய்கிற பன்னிரண்டு பேர், அந்த மாஸ்டர் யார், எங்கே இருக்கிறான் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அலை கற்றுக்கொள்ள இல்லை.