நோய் ஒன்று, மருந்து மூன்று!

நாடி பிடித்துப் பார்த்த பிறகே வைத்தியர் மருந்து கொடுக்கிறார். மோட்டார் வண்டிக்கு மட்டும் நாம் அந்த நீதியை மறுத்துவிடுகிறோம். வண்டி நடுங்கினால் காரணம் தேடுவதில்லை, பாகத்தை மாற்றுகிறோம். இது பணத்துக்கும் கேடு, உயிருக்கும் கேடு என்பது என் கருத்து. பட்டுத் தெளிந்த கருத்து!

எங்கள் வீட்டில் ஒரு பழைய அம்பாஸடர் கார் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன வண்டி. ஆயினும், மாதந்தோறும் தாத்தாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல எங்களுக்கு அதுவே துணை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் அது நடுங்கத் தொடங்கியது. 'டயர்தான்' என்றார் ஒருவர். கடன்பட்டு நான்கு டயர்களும் வாங்கினோம். 'வீல் பேலன்சிங்' என்றார் இன்னொருவர். சக்கரங்களில் ஈயத் துண்டுகள் ஏறின. 'என்ஜின் மவுண்டிங் ரப்பர்' என்றார் மூன்றாமவர், அதையும் மாற்றினோம். நடுக்கம் மட்டும் மாறவில்லை. டயர் வாங்கச் சொன்ன அந்த முதலாமவர் வேறு யாருமல்லர். இயற்பியல் பயிலும் அடியேன்தான்!

"பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்" என்று அப்பா முடிவுகட்டிய வேளையில்தான், லாரிகளோடு காலம் கழித்த முதிய மெக்கானிக் ஒருவரிடம் போனோம். அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை.

"தம்பி, வண்டி எப்ப ஆடுது? ஸ்டியரிங்ல ஆடுதா, சீட்டுக்கு அடியில ஆடுதா?" என்று கேட்டார்.

எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. மூன்று மருந்து கொடுத்த எவரும் கேட்காத கேள்வி அது.

அவரே வண்டியை ஓட்டினார். நான் பக்கத்தில் அமர்ந்தேன். ஸ்டியரிங் அமைதியாக இருந்தது. நடுக்கமெல்லாம் இருக்கைக்கு அடியில். எனவே முன்சக்கரங்களின் மேல் சந்தேகம் குறைந்தது. பிரேக்கை அழுத்தியபோது நடுக்கம் கூடவில்லை. பிரேக் டிரம்களும் தப்பின. பிறகு, ஆளரவமற்ற நேரான சாலையில், 60-இல் கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். என்ஜின் ஓசை அடங்கியது, நடுக்கம் அடங்கவில்லை. என்ஜின் நிரபராதி என்று அந்த ஒரு நொடியில் தீர்ப்பாகிவிட்டது.

எஞ்சியவை இரண்டு: பின்சக்கரங்கள், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட். இந்த இடத்தில் என் படிப்பும் சற்றுக் கைகொடுத்தது. சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு 8 முறை சுற்றும். ஷாஃப்ட்டோ அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல், அதாவது நொடிக்கு 30 முறைக்கும் மேல் சுற்றும். சக்கரத்தின் கோளாறு எண்ணக்கூடிய குலுக்கலாகத் தெரியும். ஷாஃப்ட்டின் கோளாறு ரீங்காரம் கலந்த நடுக்கமாகத் தெரியும். எங்கள் வண்டியில் இருந்தது இரண்டாவது.

ஷாஃப்ட்டின் இரு முனைகளிலும் யுனிவர்சல் ஜாயிண்ட்டுகள் உண்டு. ஸ்பிரிங் விதியில் நாம் படிக்கும் ராபர்ட் ஹூக்கின் பெயரால் வழங்கும் இணைப்பு அது. அது தேய்ந்தால் ஷாஃப்ட் தன் மையம் விலகிச் சுழலும். பெரியவர் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அடியில் படுத்து, ஷாஃப்ட்டைக் கையால் அசைத்தார். பின்பக்க ஜாயிண்ட் கடகடவென்றது. கழற்றுமுன் இரு பக்கமும் அடையாளம் போட்டார்.

"இருந்த மாதிரியே பூட்டணும் தம்பி. மாத்திப் பூட்டினா அதுவே ஒரு ஆட்டம்" என்றார்.

புது ஜாயிண்ட்டின் விலை ஒரு டயரின் விலைகூட இல்லை. ஆனால், ஓடும்போது பழையது முறிந்து, சுழலும் ஷாஃப்ட் கழன்று வண்டியின் அடியை அடித்திருந்தால்? உள்ளே தாத்தா இருந்திருப்பார். எங்கள் அறியாமையின் உண்மையான விலை அதுதான்.

அந்தப் பெரியவர் செய்தது சோதனை. நான் செய்தது ஊகம். ஆய்வுக்கூடத்தில் ஆண்டுக்கணக்காக நிற்கும் எனக்கு ஏன் அது தோன்றவில்லை? அங்கே கருவிகள் சரியாக இருக்கின்றன. வரவேண்டிய விடையும் முன்பே தெரிந்திருக்கிறது. ரெக்கார்டு நோட்டு நிறைகிறது. ஐயம் கொள்ளும் பழக்கம் வளர்வதில்லை. செய்முறைத் தேர்வில் பழுதான கருவி ஒன்றையும் வைக்கலாமே! பழுதைக் கண்டுபிடித்த விடைக்கு மட்டுமின்றி, எதை முதலில் விலக்கினோம், எதை அடுத்து விலக்கினோம் என்ற வரிசைக்கும் மதிப்பெண் தரலாமே! பேராசிரியப் பெருமக்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

வண்டியின் நடுக்கம் நின்றுவிட்டது. அந்த நான்கு புது டயர்களைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு இன்னும் கொஞ்சம் நடுக்கம் உண்டு. அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கடனை அடைப்பவர் அப்பா!