கவுல் எழுதிய கரை

நண்பரின் மகன் ஆம்ஸ்டர்டாமில் சின்னதாக ஒரு மென்பொருள் கம்பெனி தொடங்கப் போகிறான். போன வாரம் காகிதங்களோடு வந்து, “மாமா, ஒரு தடவை படிச்சுப் பாருங்க” என்றான். கம்பெனி பதிவது அங்கே எளிது. 2012 முதல் ஒரு யூரோ சென்ட் மூலதனம் இருந்தாலே போதும். தங்குவதற்குத்தான் கெடுபிடி. 2015இல் வந்த ஸ்டார்ட்அப் விசா ஓராண்டுக்கு மட்டும். டச்சு அரசு ஏற்றுக்கொண்ட, தொழில் அனுபவமுள்ள வழிகாட்டி ஒருவரோடு ஒப்பந்தம் வேண்டும். கையில் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். ஓராண்டு முடிந்தால் மறுபடி விண்ணப்பம், மறுபடி சோதனை.

அவன் நொந்துகொண்டான். எனக்கு அதில் குற்றம் தெரியவில்லை. சென்னைக்கு வடக்கே, டச்சுக்காரர்கள் வந்திறங்கிய பழவேற்காட்டைப் பார்த்த யாருக்கும் அது குற்றமாகத் தெரியாது.

1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தோனேசியத் தீவுகளின் மிளகும் கிராம்பும் வேண்டியிருந்தன. அந்தத் தீவுக்காரர்கள் கேட்டது நம் கரைத் துணி. அதற்காகப் பழவேற்காட்டுக்கு வந்த டச்சுக்காரர்கள், 1610இல் விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் வியாபார அனுமதி பெற்றார்கள். அன்றைய பேச்சில் அதற்குக் கவுல் என்று பெயர். இன்றைய விசாவும் கம்பெனிப் பதிவும் சேர்ந்த ஒரே காகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டே ‘குளோப்’ என்ற ஆங்கிலேயக் கப்பல் வந்து நின்றது. டச்சு அதிகாரி கவுலை எடுத்துக்காட்டினார்: தங்கள் இளவரசர் மாரிஸின் அனுமதிச் சீட்டு இல்லாமல் வேறு எந்த ஐரோப்பியரும் இங்கே வியாபாரம் செய்யக் கூடாது. ஆங்கிலேயர்கள் வடக்கே மசூலிப்பட்டினம் பக்கம் போனார்கள். இந்த இடத்தில் என் மனம் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது. நம் கரைக்கு யார் வரலாம் என்பதை ஹாலந்து இளவரசர் முடிவு செய்தார். ஒரே ஆண்டுக்குள் விருந்தாளி கையில் வீட்டுச் சாவி.

1612இல் போர்த்துகீசியர் டச்சுக் கிடங்கைத் தாக்கினார்கள். அதைக் காரணமாக்கி 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. வெடிமருந்துத் தொழிற்சாலை வந்தது. துணியோடு மனிதர்களும் ஏறினார்கள்: பஞ்ச காலத்தில் விற்கப்பட்ட ஏழைகள் அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போனார்கள். துணி வாங்க வந்தவர்கள் ஆள் வாங்கும்போது கேட்க, கவுல் கொடுத்தவர் பக்கத்தில் ஒருவரும் இல்லை. இன்று கோட்டை முட்புதர். எலும்புக்கூடுகள் செதுக்கிய வாசலோடு டச்சுக் கல்லறை மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது.

அனுமதி எழுதத் தெரிந்தவர்கள் அதே ஊரில் அன்றாடம் பழவேற்காடு ஏரியில் இறங்குகிறார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மீனவர்களுக்குப் பாடு என்றொரு முறை உண்டு. இறால் நன்றாகப் படும் இடங்களில் எந்த ஊர், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். ஊரில் தலைக்கட்டாகச் சேர்ந்தவருக்கே பாடு. நேற்றுப் பணத்தோடு வந்தவர் இன்று வலை கட்ட முடியாது. இந்தப் பழக்கத்தின் மேல் வெளியாருக்கு வருத்தமும் உண்டு; பாடு கிடைக்காத மற்ற ஊர்க்காரர்கள் அதை நியாயம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனாலும் உரிமையோடு காலமும் இடமும் கடமையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பது அந்த ஊர்க் கூட்டங்களுக்குத் தெரிந்திருக்கிறது. டச்சு அரசும் இன்று நம் பையனிடம் அதைத்தான் கேட்கிறது.

தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தை எதிர்த்து இந்தக் குப்பங்கள் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகின்றன. அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தக் கரையில் உள்ளூர்க்காரருக்கோ வெளிநாட்டாருக்கோ அடுத்த அனுமதியை எழுதுமுன், பாடு பிரிக்கிற ஊர்க் கூட்டத்தில் ஒரு நாள் வந்து உட்காருங்கள்.