நீல விளக்கைக் கண்டால் ஒதுங்குகிறார்கள்

 

அமெரிக்காவில் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ சில மாதம் தங்கித் திரும்புகிற நம் வாசகர்கள் நிறைய எழுதுகிறார்கள். நயாகரா வந்துவிடும், பிட்ஸ்பர்க் பெருமாள் கோயில் வந்துவிடும், பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடமும் வந்துவிடும். பெருநகரத்தை விட்டு ஒரு மணி நேரம் காரில் போனால் எந்தச் சிற்றூரிலும் கண்ணில் படுகிற ஒரு பலகையைப் பற்றி மட்டும் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பான்கேக் கிடைக்கும், எல்லோரும் வாருங்கள், இடம் தீயணைப்பு நிலையம் என்று அந்தப் பலகை சொல்லும்.

தீயணைப்பு நிலையத்தில் யார் அடுப்பு மூட்டுகிறார்கள் என்று தோன்றும். தீயணைப்பு வீரர்கள்தான். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு, அவை நின்ற இடத்தில் நீள மேசைகளைப் போட்டு ஊருக்கே பரிமாறுகிறார்கள். மாவு ஊற்றுகிறவருக்கு அந்த நிலையத்தில் சம்பளம் கிடையாது. வாரநாளில் அவர் எலெக்ட்ரீஷியனாக இருப்பார், பள்ளி ஆசிரியராக இருப்பார், மாட்டுப்பண்ணை வைத்திருப்பார். அன்றைக்குச் சேருகிற காசு பின்னால் தண்ணீர்க் குழாயாகவும் சுவாசக் கருவியாகவும் மாறும். பென்சில்வேனியாவில் ஈஸ்டருக்கு முந்தைய விரத நாட்களில் மீன் வறுவல், நியூயார்க் மாநிலத்தின் உள்பகுதிகளில் கரி அடுப்பில் வாட்டிய கோழி, வேறிடங்களில் பிங்கோ, லாட்டரிச் சீட்டு என்று வழிகள் வேறுபடும். பெரிய வண்டி ஒன்றின் விலை பல லட்சம் டாலர் என்பதால், கோழி வாட்டுவது பெரும்பாலும் நிற்பதில்லை.

நியூயார்க், சிகாகோ வீரர்களைச் சினிமாவில் பார்த்துப் பார்த்து, அந்த நாட்டில் எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கே தீயணைப்பு வீரர்கள் சுமார் 10.4 லட்சம் பேர். அதில் சம்பளம் வாங்குகிறவர்கள் 3.64 லட்சம்தான். மீதி 6.77 லட்சம் பேர் கூப்பிட்டால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிற ஊர்க்காரர்கள். வருகிற அழைப்புகளில் தீ குறைவு. நெஞ்சுவலி, சாலை விபத்து, மழையில் நிரம்பிய நிலவறை, விழுந்து எழ முடியாத பாட்டி என்று மற்றவைதான் அதிகம்.

அழைப்பு எப்படி வருகிறது? பல ஊர்களில் இன்றும் கம்பத்தின் உச்சியில் சைரன் இருக்கிறது. இடுப்பில் பேஜர், இப்போது கைப்பேசியில் செயலி. நியூயார்க் மாநிலத்தில் தன்னார்வ வீரர் தன் சொந்தக் காரில் ஒரு நீல விளக்கு வைத்துக்கொள்ளலாம். அழைப்பை ஏற்று ஓடும்போது மட்டும் அதை எரியவிட வேண்டும். தீயணைப்பு வண்டியின் சிவப்பு விளக்குக்கு வழிவிடாவிட்டால் தண்டனை உண்டு. நீல விளக்குக்கு அந்த அதிகாரம் கிடையாது. அதைப் போட்டுக்கொண்டு சிக்னலைத் தாண்ட முடியாது, வேக வரம்பை மீற முடியாது, முன்னால் போகிறவர் ஒதுங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு மரியாதைக்காக ஒதுங்கலாம், அவ்வளவுதான். சிற்றூர்களில் ஒதுங்குகிறார்கள். பின்னால் வருவது யாருடைய வண்டி என்று தெரிந்திருக்கும். அது திரும்பப் போவது நம் தெருவுக்காக இருக்குமோ என்ற பயமும் இருக்கும். இந்தப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று என்னை உட்காரவைத்தது அந்த நீல விளக்குதான்.

இந்தத் தன்னார்வ ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு பத்திரிகை ஆசிரியர் இருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் தொழில் பெருமை. 1735 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் 'பென்சில்வேனியா கெஸட்'டில் ஒரு கடிதம் வந்தது. எரிகிற கரியைத் திறந்த கரண்டியில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு எடுத்துப் போகாதீர்கள், மூடிய பாத்திரத்தில் கொண்டுபோங்கள் என்று தொடங்கி, தீயை அணைக்க ஊரில் ஒழுங்கான ஆட்கள் வேண்டும் என்று சொன்ன கடிதம். எழுதியவர் தன்னை ஒரு வயதான குடிமகன் என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் எழுதியது பத்திரிகையின் உரிமையாளரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின். அப்போது அவருக்கு வயது 29. (வாசகர் கடிதத்தை ஆசிரியரே எழுதிக்கொள்வது அவ்வளவு பழைய கலை. நாங்கள் செய்வதில்லை, நம்புங்கள்.)

1736 டிசம்பர் 7 அன்று அவரும் நண்பர்களும் சேர்ந்து யூனியன் தீயணைப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் தோல் வாளிகளும், உறுதியான பைகளும் கூடைகளும் வீட்டில் தயாராக வைத்திருக்க வேண்டும். வாளி புரிகிறது, பை எதற்கு? எரிகிற வீட்டிலிருந்து பண்டபாத்திரத்தை வாரிக்கொண்டு வர. அந்தக் காலத்தில் தீயோடு சேர்ந்து திருடனும் வருவான். அதனால் சங்கத்தார் சிலர் வாசலில் காவல் நிற்பதும் ஏற்பாட்டில் இருந்தது. நள்ளிரவில் உங்கள் வீட்டுக்குள் நுழைந்து அலமாரியைக் கவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடுகிறவரை நீங்கள் தடுக்காமல் இருக்க வேண்டுமென்றால், அவர் முன்பே தெரிந்தவராக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை கூடிப் பேசினார்கள். வராதவருக்கு அபராதம், அந்த அபராதக் காசில் ஏணியும் கொக்கியும் தண்ணீர் இறைக்கும் இயந்திரமும் வாங்கினார்கள். 30 பேரோடு கதவை மூடிவிட்டார்கள். நாங்களும் சேருகிறோம் என்று வந்தவர்களிடம், உங்கள் பகுதியில் நீங்களே ஒன்று தொடங்குங்கள் என்றார் ஃபிராங்க்ளின். அப்படியே சங்கம் சங்கமாகப் பெருகியது.

பெருகியதில் கெட்டதும் வந்தது. அடுத்த நூற்றாண்டில் பெருநகரங்களில் இந்தச் சங்கங்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. தண்ணீர்க் குழாயை முதலில் பிடிப்பது யார் என்று தெருவில் அடிதடி நடக்க, வீடு பாட்டுக்கு எரிந்தது. நியூயார்க்கில் அமெரிக்கஸ் என்ற ஆறாம் எண் சங்கத்தின் தலைவராக இருந்த வில்லியம் ட்வீட், அங்கே சேர்த்த ஆட்களை வைத்து நகர அரசியலுக்குள் நுழைந்தார். பின்னால் நகராட்சிப் பணத்தைக் கொள்ளையடித்துச் சிறையில் இறந்தார். அந்தச் சங்கத்தின் வண்டியில் வரைந்திருந்த புலியின் தலைதான் அவர் கட்சியைக் கேலி செய்த கார்ட்டூன்களில் புலியாக வந்து நின்றது. மன்றத்திலிருந்து கட்சிக்குப் போகிற பாதை நமக்குத் தெரியாததா என்ன. 1853-இல் சின்சினாட்டி நகரம் நீராவி இயந்திரத்தை வாங்கிச் சம்பளத்துக்கு ஆள் வைத்தது. 1865-இல் நியூயார்க்கும் அந்த வழிக்கு வந்தது. சம்பளம் கொடுக்க வசதியில்லாத சிற்றூர்களில் பழைய ஏற்பாடு தங்கிவிட்டது. அங்கேதான் அது நல்லபடியாகவும் இருக்கிறது என்பது என் எண்ணம். ஆளுக்கு ஆள் முகம் தெரிகிற ஊரில் அடிதடிக்கு வெட்கம் தடை போடும்.

அந்த ஊர்களுக்குள் இருக்கும் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஓர் ஊரில் பெரிய தீ. அந்த ஊர் வண்டிகள் எல்லாம் அங்கே போய்விட்டன. அப்போது பக்கத்து ஊர் வண்டி ஒன்று வந்து, தீ எரியும் இடத்துக்குப் போகாமல், காலியாகக் கிடக்கிற நிலையத்தில் நின்றுகொள்ளும். இரண்டாவது அழைப்பு வந்தால் யார் போவது என்பதற்காக. பல நாள் அப்படி வந்தவர்கள் காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போவதோடு சரி. தண்ணீர்க் குழாய் இணைப்பே இல்லாத கிராமங்களில் லாரிகள் குளத்துக்கும் தீக்கும் இடையே நடை நடையாகத் தண்ணீர் சுமக்கும்; அந்த லாரிகளும் மூன்று நான்கு ஊர்களிலிருந்து வரும். நிலையத்தின் கூடம் கல்யாண வரவேற்புக்கும் துக்க வீட்டுச் சாப்பாட்டுக்கும் கிடைக்கும், தேர்தலில் வாக்குச்சாவடியாகும். கிறிஸ்துமஸுக்கு முன் சாண்டா கிளாஸ் வருவதும் பல ஊர்களில் தீயணைப்பு வண்டியின் மேல்தான்.

இவ்வளவு பிரியத்தையும் பாராட்டி எழுதிவிட்டு முடித்துவிடலாம். ஏப்ரல் மாதம் அப்படி முடிக்க விடவில்லை.

டெக்சாஸ் மாநிலத்தில் வேக்கோ நகருக்கு வடக்கே வெஸ்ட் என்று ஓர் ஊர். 2013-இல் மக்கள்தொகை சுமார் 2,800. செக் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் வம்சம் அங்கே அதிகம். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கொலாச்சே என்ற பழம் வைத்த பன்னுக்காகவே அந்த ஊரில் வண்டியை நிறுத்துவார்கள். 2013 ஏப்ரல் 17, மாலை 7.29 மணிக்கு, ஊரோரம் இருந்த உரக் கிடங்கில் தீ என்று அழைப்பு வந்தது. ஊர்த் தன்னார்வ வீரர்கள் ஓடினார்கள். ஆம்புலன்ஸ் நிலையத்தில் முதலுதவிப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் வகுப்பை விட்டு எழுந்து ஓடினார்கள். டல்லாஸ் நகரத் தீயணைப்புத் துறையின் அதிகாரி ஒருவர் அந்த ஊரில் குடியிருந்தார். பணி நேரம் இல்லாதபோதும் அவரும் போனார். படையில் இல்லாத ஊர்க்காரர் இருவர் கைகொடுக்கப் போனார்கள். ஊர் மேயரே தன்னார்வ வீரர், அவரும் கிளம்பிவிட்டார். ஏறக்குறைய 20 நிமிடத்தில் கிடங்கு வெடித்தது. 15 பேர் இறந்தார்கள். அதில் 12 பேர் உதவப் போனவர்கள். 150-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் சேதமாயின. முதியோர் இல்லமும் பள்ளிக்கூடங்களும் அதில் அடக்கம். மாலை நேரம் என்பதால் பள்ளிகளில் பிள்ளைகள் இல்லை.

கிடங்கு மரத்தால் ஆனது. உரத்தைக் கொட்டி வைத்திருந்த தொட்டிகளும் மரம். தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு இல்லை. உள்ளே இருந்தது அமோனியம் நைட்ரேட். அது சாதாரணமாக வெடிக்கிற பொருள் இல்லை. கடும் சூடும், அடைபட்ட இடமும், அழுக்குக் கலப்பும் சேர்ந்தால் வெடிக்கும். தீ எப்படிப் பிடித்தது என்பதில் விசாரணை அமைப்புகளுக்குள்ளேயே இணக்கம் இல்லை. ஆனால் அமெரிக்க வேதியியல் பாதுகாப்பு வாரியம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: இப்படி வெடிக்கும் ஆபத்து இருக்கிறது என்பது அங்கே போனவர்களுக்குத் தெரியவில்லை. ஊரில் எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார்கள் என்பதுகூடத் தெரிந்தவர்கள் அவர்கள். ஊரோரக் கிடங்கு என்ன செய்யும் என்பதைச் சொல்லித்தர வேண்டியவர்கள் சொல்லித்தரவில்லை. உயிரைக் கொடுக்க வருகிறவருக்கு ஒரு மாலை நேர வகுப்பு எடுக்க ஆள் இல்லாமல் போனதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அதே டெக்சாஸில், 1947 ஏப்ரல் 16 அன்று, டெக்சாஸ் சிட்டி துறைமுகத்தில் கிராங்கான் என்ற பிரெஞ்சுக் கப்பல் இதே அமோனியம் நைட்ரேட் இரண்டாயிரம் டன்னுக்கு மேல் ஏற்றிக்கொண்டு வெடித்தது. அந்த ஊர்த் தன்னார்வப் படையில் ஒருவரைத் தவிர எல்லோரும் மாண்டார்கள். அதாவது பாடம் 66 ஆண்டுகளாக அந்த மாநிலத்திலேயே இருந்தது. நமக்கும் ஏப்ரல் உண்டு. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகின் கப்பல் வெடித்தது. பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் ஒன்றாக ஏற்றி வந்த கப்பல். தீயணைக்கப் போன 66 வீரர்கள் இறந்தார்கள். அதனால்தான் ஏப்ரல் 14 நம் நாட்டில் தீயணைப்போர் நினைவு நாள். நாம் மாங்காய்ப் பச்சடி செய்கிற அதே நாள்.

நம்மூர்க் கிடங்குகளில் என்ன இருக்கிறது என்பது மட்டும் நமக்குத் தெரியுமா? சென்னைக்கு வடக்கே மணலியில் சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட் ஐந்து ஆண்டுகளாக முடங்கிக் கிடந்தது என்பதே, 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்த பிறகுதான் நம்மில் பலருக்குத் தெரிந்தது. பிறகு அவசர அவசரமாக லாரிகளில் ஏற்றி அனுப்பினார்கள்.

அமெரிக்கச் சிற்றூர்களுக்கு இப்போது வேறொரு கவலை. 1984-இல் கிட்டத்தட்ட 9 லட்சமாக இருந்த தன்னார்வ வீரர்கள் 2020-க்குள் 2 லட்சத்துக்கும் மேல் குறைந்துவிட்டார்கள். அழைப்புகளோ ஏறக்குறைய மூன்று மடங்கு. கடைத்தெருவில் கடை வைத்திருந்தவர் சைரன் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு ஓடலாம். ஒரு மணி நேரப் பயணத்தில் வேறு நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர் எப்படி ஓடுவார்? இரண்டு வேலை பார்த்தால்தான் குடும்பம் ஓடுகிறது என்கிறவரிடம் நூறு மணி நேரத்துக்கும் மேல் பயிற்சி கேட்கிறார்கள். பயிற்சியைக் குறைக்கவும் முடியாது. வெஸ்டில் நடந்ததைப் படித்தவர் யாரும் குறைக்கச் சொல்லமாட்டார்கள். சில மாநிலங்கள் வரிச்சலுகையும் சிறு ஓய்வூதியமும் தருகின்றன. சில நிலையங்கள் கல்லூரி மாணவர்களை மாடியில் வாடகையின்றித் தங்கவைத்து, பதிலுக்கு இரவு அழைப்புகளுக்குப் போகச் சொல்கின்றன. இந்தக் கடைசி யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஊருக்குப் புதிதாக வந்த பையனுக்கு நான்கே மாதத்தில் ஊரின் எல்லாத் தெருவும் தெரிந்துவிடும்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நம் ஊர்களில் தீயணைப்புத் துறை அரசாங்கத்தினுடையது. சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள், நன்றாகவே செய்கிறவர்கள். ஆனால் வைக்கோல்போர் பற்றிக்கொண்டபோது வண்டி வருவதற்கு முன்னால் குடத்தோடு ஓடியவர், பக்கத்துக் கூரைக்குத் தீ தாவாமல் கீற்றைப் பிடுங்கி எறிந்தவர் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீ பிடித்தபோதும் அடிவாரத்து ஊர்க்காரர்கள்தான் முதலில் ஏறினார்கள். உங்கள் ஊரில் அப்படி ஓடியவரைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். உயிரோடு இருக்கிறவர் என்றால் பெயர் போட அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆவணி இதழுக்குள் வந்து சேர்ந்தால் தொகுத்துப் போட எங்களுக்கு வசதி.

அன்புடன்,
ஆசிரியர்