ஓரிக்கு விழா, ரசீதுக்கு அடுப்பா?

ஆடி 18 நெருங்கிவிட்டால் காரவள்ளிக்கு மேலே கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டிகள் வரிசைகட்டும். செம்மேட்டில் சங்ககால மன்னன் வல்வில் ஓரியின் விழா. சிலைக்கு மாலை, மேடையில் பேச்சு, வில்வித்தைப் போட்டி. யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒரே அம்பில் வீழ்த்தியவனின் கதை ஆண்டுதோறும் ஒலிபெருக்கியில் முழங்கும். கேட்டுவிட்டு மலையிறங்குகிறவர் மனத்தில் ஒரு முடிவு இருக்கும்: கொல்லிமலையின் வரலாறு என்றால் ஓரி, அறப்பளீஸ்வரர் கோயில், கொல்லிப்பாவை. அவ்வளவுதான்.

இந்த நம்பிக்கையில் பாதி அறியாமை, மீதி அலட்சியம்.

ஓரியைத் திருமுடிக்காரி கொன்றான். மலை சேரனின் கைக்குப் போனது. அங்கிருந்து ஒரே தாவலாகத் தாவினால் சோழர் காலக் கல்வெட்டு. இன்னொரு தாவலில் சுற்றுலாப் பேருந்து. இடையிலே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இங்கே யாரும் உழவில்லையா, பெண் கட்டவில்லையா, வரி செலுத்தவில்லையா? மலையில் இன்று வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள். அண்ணன் தம்பி மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று மலைக்கு ஒருவராகப் பிரிந்த அந்தக் கதையை இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909இல் அச்சேற்றிவிட்டார். அவர்கள் வாய்மொழிப்படி ஓரி அவர்களுக்குப் பாட்டனே அல்லன். அவர்களுடைய வரலாற்றுக்கென்று ஒரு விழாப் பந்தல் எங்கே?

“பழங்குடிக்கு ஏது எழுத்து, எல்லாம் வாய்மொழிதானே” என்பார்கள் படித்தவர்கள். டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்க்காத பேச்சு இது. கந்தாய ரசீது, பள்ளி மாற்றுச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, மொய் நோட்டு எல்லாம் எழுத்து இல்லாமல் வேறென்ன? மொய் நோட்டைப் புரட்டினால் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் கொள்வினை கொடுப்பினை இருந்தது, எந்த ஆண்டில் கை இறுகியது என்பதெல்லாம் தெரியும். இங்குள்ள 14 ஊராட்சிகளில் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, வாழவந்தி நாடு என்று பெயரிலேயே ‘நாடு’ நிற்கிறது. பழைய நாட்டுப் பிரிவு ஒன்று ஊராட்சி ரசீதிலேயே அச்சாகிக்கொண்டிருக்கிறது. அதைத்தான் போகியன்று தீயில் போடுகிறோம்.

அந்தத் தாளுக்கு மதிப்பில்லை என்று நினைப்பவர் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையைப் பார்க்கலாம். பழங்குடிப் பட்டியலில் ‘மலையாளி’ என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களும் எழுதப்பட்டிருக்கின்றன: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. 1997இல் பிறந்த நாமக்கல் மாவட்டம் பழைய சேலத்தின் துண்டு என்பதால் கொல்லிமலைக்காரருக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. ஈரோடு மாவட்டம் பழைய கோயம்புத்தூரிலிருந்து பிரிந்தது. ஆகவே பர்கூர் மலையாளிகள் பட்டியலுக்கு வெளியே நின்று பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வரி எழுத்து ஒரு தலைமுறையின் படிப்பையும் வேலையையும் தீர்மானிக்கிறது. இங்கே பாட்டனின் பள்ளிச் சான்றிதழ் வெறும் காகிதமா?

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதன் விதிகள் சான்றாக ஏற்பவற்றுள் வீட்டு வரி ரசீதும் உண்டு, கிணறும் சுடுகாடும் கோயில் இடமும் உண்டு, நிலத்தில் போட்ட வரப்பும் உண்டு, பெரியவர் சொல்லி எழுதிவைத்த வாக்குமூலமும் உண்டு. சட்டம் ஆவணம் என்று ஒப்புக்கொண்டதை நாம்தான் குப்பை என்கிறோம்.

தாள் போகட்டும், பொருளுக்கு வருவோம். சாமையிலே சிட்டஞ்சாமை, கட்டவெட்டிச் சாமை, மல்லியச்சாமை. கேழ்வரகிலே சுருட்டை, சுண்டங்கி. ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு மண்ணும் ஒரு மழையும் இருக்கின்றன. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியதும் சாமைக்காடு சுருங்கியது. தானியம் குறைந்தால் மண் பூசிய தொம்பைக்கு வேலையில்லை. தொம்பை போனால் அதை முடையவும் மெழுகவும் தெரிந்த கை போகும், கையோடு சொல்லும் போகும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று மலையேறி வரும் வியாபாரி இதில் கடைசி ஆள் மட்டுமே.

“அப்படியானால் பெண்கள் மறுபடியும் உலக்கை பிடிக்க வேண்டுமா?” என்று ஒரு கேள்வி வரும். வேண்டவே வேண்டாம். சாமையைக் குத்தித் தோலெடுப்பது முதுகொடிக்கும் வேலை. 1990களிலிருந்து இங்கே பணியாற்றிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதை வங்கியையும் பேசியது, அரைவை இயந்திரத்தையும் கொண்டுவந்தது. இரண்டும் ஒரே ஊரில் இருக்கலாம். உலக்கை ஓய்வு பெறட்டும். அதைப் பிடித்தவள் பெயரும், குத்தும்போது பாடியதும் ஒரு நோட்டில் ஏறட்டும் என்பதுதான் கேட்பது.

அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டால் போதும் என்பது இன்னொரு சோம்பல். ஏற்காட்டில் வாழ்ந்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் காலத்தில், சேர்வராயன் மலை மக்கள் புதிய கற்காலக் கோடரிகளைப் பிள்ளையார் கோயில்களில் வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். அவர் வாழ்நாளெல்லாம் திரட்டிய சேகரிப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. கண்ணாடிக்குள் போன கல்லுக்குப் பட்டியல் எண் கிடைக்கும். கோயிலில் அதற்கிருந்த பூசையும் கதையும் கூடவே வருவதில்லை.

எறியாமல் வைத்தால் என்ன மிஞ்சும் என்பதற்கு இந்த மலையிலேயே சான்று உண்டு. கொல்லிமலையில் 1929இல் காய்ச்சலால் இறந்த ஜெஸ்ஸி பிராண்ட் என்ற மிஷனரி, இங்கிலாந்தில் படித்த மகனுக்கு வாராவாரம் கடிதம் எழுதியவர். காடு, பூச்சி, மரம் என்று அன்றாடம் கண்டதுதான் அவற்றின் விஷயம். மகன் பால் பிராண்ட் பின்னாளில் வேலூரில் தொழுநோய் அறுவைச் சிகிச்சையில் உலகப் பெயர் பெற்றார். 1920களின் கொல்லிமலையை வெளியுலகம் அறிந்ததில் அந்தக் குடும்பத்துக் கடிதங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அவை பெரிய மனிதர்களின் கடிதம் என்பதால் மட்டும் பிழைக்கவில்லை. அந்த வீட்டில் யாரோ எறியாமல் வைத்திருந்தார்கள்.

கல்யாணப் பத்திரிகையையும் நாடக நோட்டீஸையும்கூட எறியாத கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பு இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கிறது. அவர் அரசரல்லர், பேராசிரியருமல்லர். விளம்பரப் பலகை எழுதிய ஓவியர்.

செம்மேட்டு விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. ஓரிக்கு மாலை விழட்டும். அதே பந்தலில் ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், ஊருக்கு இரண்டு பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் போதும். ரசீதைக் கொண்டு வருகிறவர் படமெடுத்த கையோடு அதை வீட்டுக்கே எடுத்துப் போகட்டும். திருகையைத் தூக்கிவர வேண்டியதில்லை. யார் வீட்டுத் திருகை, எந்த ஊரிலிருந்து வந்தது, கடைசியாக அதில் என்ன அரைத்தார்கள் என்று பிள்ளைகள் அந்த வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம். இரண்டு நாள் வில்வித்தைக்குப் பந்தல் போடுகிற ஊரில் இந்த மேசைக்கு இடமில்லை என்று யார் சொல்ல முடியும்?