பிளாஸ்டிக்கா, மெட்டலா? - ஒரு வங்கிக்காரனின் கணக்கு

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு 20 வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிறவன். இப்போது நாக்பூர் வாசம். எனவே இதை மருத்துவக் குறிப்பாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு மகன் போட்ட தப்புக்கணக்காகப் படியுங்கள்.

கும்பகோணத்தில் இருந்த அப்பாவுக்குத் திடீரென்று மஞ்சள் காமாலை, உடம்பெல்லாம் அரிப்பு. ஸ்கேன், பயாப்ஸி எல்லாம் முடிந்து, கணையத்தில் புற்றுநோய், ஆபரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள். கட்டி பித்தநாளத்தை நெரிப்பதால் ஈ.ஆர்.சி.பி. செய்து, அதாவது வாய்வழியாக எண்டோஸ்கோப் விட்டு, ஸ்டென்ட் வைக்க வேண்டும்.

"பிளாஸ்டிக்கா, மெட்டலா? மெட்டல் விலை பல மடங்கு" என்று டாக்டர் போனில் கேட்டார். குறைந்த கொட்டேஷனுக்குக் கையெழுத்துப் போட்டே பழகிய கை. பிளாஸ்டிக் என்றேன்.

ஏழாவது வாரம் அம்மாவிடமிருந்து போன். "அப்பாவுக்குக் குளிர் தூக்கித் தூக்கிப் போடுதுடா. கண்ணும் திரும்ப மஞ்சளாயிடுச்சு." ஸ்டென்ட் அடைத்து, பித்தநாளத்தில் கிருமித்தொற்று. நான் லீவு போட்டு, ரயில் மாறிப் போய்ச் சேர்வதற்குள் அப்பா ஐ.சி.யு.வில். மறுபடி ஈ.ஆர்.சி.பி. இந்த முறை மெட்டல்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. பிளாஸ்டிக் குழாய் 3 மில்லிமீட்டர் சொச்சம் அகலம். மெட்டல் வலை உள்ளே விரிந்தால் 10 மில்லிமீட்டர். சின்னக் குழாய் சீக்கிரம் அடைக்கும். சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் அட்மிஷன், மயக்கமருந்து, நமக்கு ரயில் டிக்கெட். கூட்டிப் பாருங்கள். அப்பாவுக்கு இருந்தது போன்ற புற்றுநோய் அடைப்புக்கு மெட்டல்தான் என்று ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கம் 2018-லேயே பரிந்துரைத்திருக்கிறது.

அதற்காக எல்லோருக்கும் மெட்டல் என்று சொல்லவில்லை. கல்லடைப்புக்குத் தற்காலிகமாக வைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். ஆனால் தேதி குறித்துவைத்து, மறக்காமல் எடுத்துவிட வேண்டும். புற்றுநோய் என்று உறுதியாகாதபோது உறையில்லாத மெட்டலை வைத்துவிட்டால், பிறகு எடுப்பது மிகக் கஷ்டம்.

ஊரைவிட்டு வந்த நமக்கு இந்தக் கேள்வி போனில்தான் வரும். விலையைக் கேட்பதற்கு முன் இந்த மூன்றையும் கேளுங்கள். நோய் இன்னதென்று உறுதியா? ஆபரேஷனுக்கு வாய்ப்பு உண்டா? ராத்திரியில் குளிர்காய்ச்சல் வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் தூக்கிக்கொண்டு ஓட ஊரில் யார் இருக்கிறார்கள்?

மெட்டல் வைத்தபிறகு அப்பா 5 மாதம் இருந்தார். மஞ்சள் திரும்பவில்லை. முதலிலேயே வைத்திருந்தால், ஆஸ்பத்திரியில் போன அந்த 11 நாளும் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டு இருந்திருப்பார். விலைப்பட்டியலில் நான் பார்க்கத் தவறியது அதைத்தான்.