லூப் தெரிந்தால் போதுமா?

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் நெடுஞ்சாலையில் சூளகிரியைத் தாண்டினால் குருபரப்பள்ளி. டிப்ளமோ முடித்து இந்தப் பக்கத்து சிப்காட் ஆலைகளில் ‘குவாலிட்டி’ வேலைக்குப் போகிறவர்களுக்குக் கட்டுப்பாட்டு வரைபடம் புதிதல்ல. மெஷினிலிருந்து வரும் உருப்படிகளை ஐந்தைந்தாக எடுத்து அளக்க வேண்டும். சராசரியும் வீச்சும் கண்டு புள்ளி வைக்க வேண்டும். இத்தகைய வரைபடத்தை 1924-இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் முதலில் வரைந்து காட்டியவர் வால்டர் ஷூஹார்ட்.

இதே கணக்கை டிஐ-84 பிளஸ் போன்ற கிராஃப் கால்குலேட்டரில் புரோகிராமாக எழுதச் சொன்னால், ஓரளவு நிரல் படித்தவர்கள் உடனே லூப்பில்தான் கை வைப்பார்கள். எண்களை வரிசையாக வைக்கும் லிஸ்ட் வெறும் கிடங்கு, அதை நம்பினால் வேகம் போகும், இடம் அடைபடும், கணக்கும் நம் கையில் இருக்காது, எக்ஸெல் இருக்கும் காலத்தில் இதைக் கற்பதே வீண் என்பது அவர்கள் கட்சி. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் வேகம். டிஐ-84 பிளஸில் இருப்பது 15 மெகாஹெர்ட்ஸ் இசட்80 சிப். புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் ஓடும்போதே படித்துப் பொருள் கண்டு செய்வது அதன் வழக்கம். ஐந்தைந்தாக 25 தொகுதி, ஆக 125 அளவுகளை லூப்பில் கூட்டினால், கூட்டும் அந்த ஒரே வரியை 125 முறை படிக்கிறது. ‘சம்’ என்ற லிஸ்ட் கட்டளையைக் கொடுத்தால் படிப்பது ஒரு முறைதான். மீதிச் சுற்றெல்லாம் கால்குலேட்டரின் உள்ளேயே மெஷின் மொழியில் முடிந்துவிடும். ஒரு தண்டின் விட்டம் 12.01, 12.03, 11.98, 12.00, 12.03 மில்லிமீட்டர் என்று ஐந்து அளவுகள் வந்தால், எல்1 என்ற லிஸ்டில் போட்டு ‘மீன்’ கேட்டால் 12.01; ‘மேக்ஸ்’ கழித்தல் ‘மின்’ கேட்டால் 0.05. லூப்பில் இதற்கே இரண்டு ‘இஃப்’ தேவை.

அவர்கள் சொல்வதில் ஓர் உண்மை உண்டு. லிஸ்டின் மூன்றாவது எண்ணைத் தனியாக எடுப்பது, ஏ என்ற சாதாரண மாறியை எடுப்பதைவிட மெதுவானதுதான். அதே எண் திரும்பத் திரும்ப வேண்டுமென்றால் ஒருமுறை ஏ-யில் எழுதிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம்.

அடுத்தது இடம். இந்தக் கால்குலேட்டரில் பயனருக்குக் கிடைக்கும் ரேம் சுமார் 24 கிலோபைட். ஓர் எண்ணுக்கு 9 பைட் ஆகிறது. 125 அளவுகளுக்கு 1,125 பைட்டும் சில்லறையும். லிஸ்ட் வேண்டாமென்றால் மிஞ்சுவது ஏ முதல் இசட் வரை 26 எழுத்தும் தீட்டாவும், ஆக 27 மாறிகள். 125 அளவுகளை எங்கே வைப்பது? இடம் உண்மையில் முட்டுவது உச்சத்தில்தான். ஒரு லிஸ்டில் அதிகபட்சம் 999 எண்; நிரம்பினால் கிட்டத்தட்ட 9 கிலோபைட். அப்படி மூன்று லிஸ்ட் ரேமில் அடங்காது. வேலை முடிந்த லிஸ்டை ‘டெல்வார்’ போட்டு அழிக்கும் பழக்கம் இருந்தால் இந்தச் சிக்கலே எழாது.

வீணாவது வேறிடத்தில். ஒவ்வோர் அளவு வரும்போதும் லிஸ்டின் நீளத்தோடு ஒன்று கூட்டி வாலில் ஒட்டுவது பலரின் வழக்கம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் கால்குலேட்டர் நினைவகத்தில் இடத்தை விரிக்க வேண்டியிருக்கிறது. எத்தனை அளவு என்று முன்பே தெரிந்தால் ‘டிம்’ கட்டளையால் ஒரே முறையில் நீளத்தை வைத்துவிடலாம்; எல்லா இடத்திலும் பூஜ்யம் நிரம்பி நிற்கும். பழைய லிஸ்டை அழிக்காமல் இதைச் செய்தால் நேற்றைய எண்கள் இன்றைய கணக்கில் கலந்துவிடும்.

மூன்றாவது, அடுக்குவதும் எண்ணுவதும் நாமே எழுதினால்தான் நம்பலாம் என்பது. 125 எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு அடுக்கினால் 7,750 ஒப்பீடு வரை போகும். ‘சார்ட்-ஏ’ அதை ஒரே கட்டளையில் செய்கிறது. எல்1-உடன் எல்2-ஐயும் கொடுத்தால், எந்த அளவு எந்த மெஷினுடையது என்ற இணையும் பிரியாது. எல்லையைத் தாண்டியவை எத்தனை? ‘எல்1 > 12.05’ என்று கேட்டால் ஆம் என்ற இடத்தில் 1, இல்லை என்ற இடத்தில் 0 எனப் புது லிஸ்ட் வரும். அதைக் கூட்டினால் விடை. ஆனால் ‘சார்ட்-ஏ’ மூல லிஸ்டையே கலைத்துவிடும். கட்டுப்பாட்டு வரைபடத்துக்கு அளந்த வரிசைதான் உயிர் என்பதால், முதலில் ஒரு நகல் எடுத்து அதைத்தான் அடுக்க வேண்டும்.

இனி வரைபடத்தின் எல்லைகள். 25 தொகுதிகளின் சராசரிகள் எல்2-இலும் வீச்சுகள் எல்3-இலும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஐந்து அளவுகள் கொண்ட தொகுதிக்கு மாறிலி 0.577. எல்3-இன் சராசரியை 0.577-ஆல் பெருக்கி, அதை –1, 1 என்ற இரண்டு எண் லிஸ்டால் பெருக்கி, எல்2-இன் சராசரியோடு கூட்டினால் கீழ் எல்லையும் மேல் எல்லையும் ஒரே வரியில் வந்து நிற்கும்.

கடைசியாக எக்ஸெல். தேர்வறைகளில் இடமில்லாததால் நம்மூரில் கிராஃப் கால்குலேட்டர் அதிகம் புழங்குவதில்லை என்பது சரி. அதைச் செய்யும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், இதே சாலையின் மறுமுனையான பெங்களூரில் 1985-இலேயே மையம் தொடங்கியும், அங்கே நடப்பது பெரும்பாலும் சிப் வடிவமைப்பு வேலைதான். ஆனால் லிஸ்ட் முழுவதையும் ஒரே பொருளாக எண்ணிக் கணக்குப் போடும் பழக்கம் கால்குலேட்டரோடு நின்றுவிடுவதல்ல. கென்னத் ஐவர்சன் 1962-இல் வெளியிட்ட ஏபிஎல் மொழியில் இருந்ததும் இதுதான். பைத்தானின் நம்பை (NumPy) நூலகம் இன்று செய்வதும் இதுதான். பைத்தானில் லூப் போட்டு லட்சம் வரிகளைச் சுற்றவிடுபவர், கால்குலேட்டரில் செய்யும் அதே தவறைப் பெரிய மெஷினில் செய்கிறார்.

லூப்பை விடவே முடியாத இடமும் இருக்கிறது. இலக்கிலிருந்து விலகும் அளவுகளைத் தொடர்ந்து கூட்டிப் பார்க்க ‘கம்சம்’ என்ற ஒரு கட்டளை போதும். ஆனால் முந்தைய விடையில் 80 சதவீதமும் புதிய அளவில் 20 சதவீதமும் சேர்த்துக்கொண்டே போகும் சராசரியில், ஒவ்வொரு படியும் முன்படியைக் கேட்கும். அங்கே ‘ஃபார்’ லூப் போடத்தான் வேண்டும். முன்படியின் விடையை மட்டும் லிஸ்டில் தேடாமல் இசட் என்ற மாறியில் வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம்.